ஏழாம் எண்ணின் இடது கை

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்க இன்று மனம் வரவில்லை. போனில் நீ நாலு தடவை கூப்பிட்டது தெரியும். எடுக்க மாட்டேன். போனில் பேசினால் பாதியிலேயே என் வாயை அடைத்துவிடுவாய். கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பேன். இது எழுத்தில் இருக்கட்டும்.

இன்று காலை எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். மே முதல் தேதியிலிருந்து முழங்கை வரைக்கும் போடுகிற கையுறை கிடையாதாம். அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு குப்பி கிரீம். 'நான்கு வாரக் கருவிச் சோதனையில் தோலின் ஈரத்தையும் நெகிழ்வையும் காப்பது உறுதியானது' என்று போட்டு, கீழே உங்கள் லேபின் முத்திரை. அளந்தவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? என் ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தை யார் போட்டுக் கொடுத்தது?

அந்தக் கிரீமைப் பூசிய கை என்ன கதியில் இருக்கிறது என்று ஒரு தடவை வந்து பார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் உரிகிறது. கொதிக்கிற தண்ணீரிலிருந்து படுக்கை விரிப்புகளை இழுத்துப் போடும்போது உயிர் போகிறது. நீ சொன்னாய் என்றுதான் நாலு வாரம் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, இடது கையில் மட்டும் காலையும் மாலையும் பூசினேன். வலது கையை அப்படியே விட்டேன். சும்மா விட்ட கை பரவாயில்லை. பூசிய கைதான் நாசம்.

என் கையோடு போயிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். 'எங்க அக்காதான் அளக்க வர்றா, தைரியமா கையை நீட்டுங்க' என்று இன்னும் பதினோரு பேரைப் பிடித்துக் கொடுத்தவள் நான். பாட்டுக்காரி என்று ஒருத்தி இருக்கிறாள், நாள் முழுக்க பாடிக்கொண்டே துணி பிழிவாள். ஒரு வாரமாக அவள் பாடவில்லை. மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை அளக்க உன்னிடம் கருவி இருக்கிறதா?

இன்னொன்று. பிப்ரவரியில் முதல் தடவை வந்தபோது, விரிப்புக் கிடங்குக்குப் பக்கத்து இடுக்கு அறையில் தோளோடு தோள் இடிக்க என் பக்கத்தில் உட்கார்ந்து அளந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை என்றாலும் பக்கத்தில் இருந்தாய். மார்ச்சில் இரண்டாம் தடவை மீட்டிங் அறையில் அகலமான மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொண்டு, என்னை 'ஏழு' என்று கூப்பிட்டாய். 'ஏழு, கையை நீட்டுங்க.' இடது கை எரிகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். 'பேசக் கூடாது' என்றாய். வீடு இரண்டு தெரு தள்ளி. அம்மா வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். நீ கருவிப் பெட்டியோடு வண்டியேறிப் போய்விட்டாய்.

அந்த ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன் தங்கை
(ஏழு)


ஏப்ரல் 9

குட்டிக்கு,

உன் கோபம் எனக்குப் புதிதில்லை. ஆனால் தெரியாத விஷயத்தில் தெரிந்த மாதிரி பேசுகிறாயே, அதுதான் தாங்கவில்லை.

ஏழு என்று கூப்பிட்டது திமிரால் இல்லை. யாருடைய கை என்று நினைத்துக்கொண்டு அளந்தால் மனசு ஒரு பக்கம் சாயும். அதனால் எண் மட்டும்தான். பேசக் கூடாது என்பதும் அதற்காகத்தான். அரைமணி நேரம் சட்டைக்கையை மடித்துவிட்டுச் சும்மா உட்கார வைத்ததும் உங்களைக் கடுப்பேற்ற அல்ல. நீராவியிலிருந்து வந்த தோல் அடங்க நேரம் வேண்டும்.

என்னிடம் இருப்பது இரண்டு கருவிகள். ஒன்றின் முனையைத் தோலில் வைத்து லேசாக அழுத்தினால் ஒரு விநாடியில் ஈரத்தை எண்ணாகச் சொல்லும். முப்பதுக்குக் கீழே போனால் வறட்சி. இன்னொன்று சின்ன துளை வழியாகத் தோலை உறிஞ்சி இழுத்துவிட்டு, பழைய இடத்துக்கு எவ்வளவு திரும்பியது என்று பார்க்கும். ஒவ்வொரு கையிலும் மூன்று புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று தடவை. பதினாறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். இந்தக் கருவிகளுக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது.

உன் தாள் என் முன்னால் இருக்கிறது. பிப்ரவரியில் இரண்டு கையிலும் 36. மார்ச்சில் பூசிய இடது கையில் 31, பூசாத வலது கையில் 17. மற்ற பதினோரு பேருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். இதற்கு மேல் தெளிவாக ஒரு கிரீம் தன்னை நிரூபிக்க முடியாது.

ஆக, அளந்த அன்று உன் இடது கை நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? பிளீச்சில் கையை விட்டிருப்பாய். கண்ட களிம்பைப் பூசியிருப்பாய். செய்யாதே என்றால் செய்துவிட்டு, பிறகு ஊரைக் கூட்டி அழுவது உனக்குப் பழக்கம்தானே. சூடாகிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியில் நீயாகவே போய்க் கையை வைத்துவிட்டு வீட்டையே இரண்டாக்கியவள் ஆயிற்றே.

ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்க முடியாது. வாங்க வேண்டிய காரணமும் இல்லை. அம்மாவைப் பார்க்காமல் வந்தது தப்புதான். அதற்கு மட்டும் மன்னித்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இடைவேளையில் மற்ற பதினோரு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். நீ பெருமைப்படலாம், ஒருத்தரும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் சட்டைக்கையை மடித்துவிட்டு வரிசையாக நின்றார்கள். பன்னிரண்டு இடது கையும் உரிந்து கிடக்கிறது. பன்னிரண்டு வலது கையும் ஓரளவு தேவலை. பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்டு இடது கையை மட்டும் பிளீச்சில் விட்டோமா? நீ படித்தவள், நீயே சொல்.

எங்களுக்கு எண் தெரியாமல் இருக்கலாம். எது இடது, எது வலது என்று தெரியும்.

இப்போது இஸ்திரிப் பெட்டி. அதை எழுதக் கூடாது என்றுதான் முப்பத்தொரு வருஷமாக இருந்தேன். நீயே எடுத்தாய், நானே முடிக்கிறேன்.

நான் கையை வைக்கவில்லை. எனக்கு ஐந்து வயது, உனக்கு ஒன்பது. அம்மா மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். நீ பள்ளிக்கூடப் பாவாடையை விரித்து வைத்துக்கொண்டு, பெட்டி சூடாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்றாய். உன் விரலை வைக்க உனக்குப் பயம். 'குட்டி, கையைக் குடு' என்றாய். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். நீ பிடித்து வைத்தாய். அம்மா ஓடி வந்ததும் 'அவளே வச்சுக்கிட்டாம்மா' என்றாய். வெந்த கையோடு எனக்குத்தான் அறை விழுந்தது.

அதற்குப் பிறகு அது இந்தக் குடும்பத்தின் நிரந்தர வேடிக்கையாகிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அம்மா அதைச் சொல்லிச் சிரித்தாள். நீயும் கூடச் சிரித்தாய். ஒரு தடவையாவது உன் முகம் மாறுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாறவே இல்லை. எனக்கே சில சமயம் சந்தேகம் வந்துவிடும், நானாகத்தான் வைத்துக்கொண்டேனோ என்று.

நீ பார்க்கும் உத்தியோகத்தை அன்றைக்கே தொடங்கிவிட்டாய். சூட்டை அளக்க அன்றைக்கு என் கை. கிரீமை அளக்க இன்றைக்கும் என் கை. கெட்டுப்போனால் 'அவளே வச்சுக்கிட்டா.'

உன் பெட்டியின் தழும்பு இருக்கிற கையில்தான் உன் கிரீமைப் பூசினேன். அந்தக் கைதான் உரிகிறது. தோலை இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்கிற கருவி வைத்திருக்கிறாயே, அதற்கு ஒரு தகவல்: நான் இன்னும் திரும்பவில்லை.

உன் தங்கை


ஏப்ரல் 17

குட்டி,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தில் 'தழும்பு இருக்கிற கை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். தழும்பு மேல் அளக்கக் கூடாது என்பது விதி. அந்தப் புள்ளியை விட்டுவிட்டு, தாளில் இருக்கும் கைப்படத்தில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். லேபுக்குப் போய் உன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிப்ரவரித் தாளில் குறி இடது கையில், முழங்கைக்குப் பக்கத்துப் புள்ளியில் இருக்கிறது. மார்ச் தாளில் அதே புள்ளி, வலது கையில்.

தழும்பு இடம் மாறாது. நான்தான் மாறியிருக்கிறேன். முதல் தடவை உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், என் இடது உன் இடது. இரண்டாம் தடவை மீட்டிங் அறையில் ஏசி நேராகக் கையில் அடித்ததால் மேஜையைத் திருப்பிப் போட்டு, உங்களுக்கு எதிரே உட்கார்ந்தேன். என் இடது பக்கம் வந்த கையையெல்லாம் தாளில் இடது பக்கமே எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு பேருக்கும். 31 பூசாத கையின் எண். 17 பூசிய கையின் எண்.

பதினாறு வருஷத்தில் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. முனை நேராக நிற்கிறதா, அறையின் வெப்பம் சரியா, எண் நிலைக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்தேன். யாருடைய எந்தக் கை என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

எங்கள் தலைவரிடம் திங்கட்கிழமை பேசுகிறேன். நாங்கள் அவரைத் தசமம் என்று கூப்பிடுவோம், மதியம் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டால்கூடப் புள்ளி வைத்துத்தான் பதில் சொல்வார். அதுவரை உன் மேனேஜரிடம் எதுவும் சொல்லிவிடாதே. என் வேலையே போய்விடக்கூடும். பயமாக இருக்கிறது.

கிரீமை உடனே நிறுத்தச் சொல்.

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நாங்கள் அதை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. நீ சொல்கிற வரைக்கும் பூசிக்கொண்டிருக்க நாங்கள் என்ன முட்டாள்களா?

தப்பு என்று ஒப்புக்கொண்டாய். அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு மற்ற வரிகளையெல்லாம் தேடினேன். மேஜை இருக்கிறது, ஏசி இருக்கிறது, தசமம் இருக்கிறார், உன் பயம் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி மட்டும் இல்லை. தழும்பு எந்தக் கையில் என்று கண்டுபிடித்துவிட்டாய். எப்படி வந்தது என்பதைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டாய்.

மேனேஜரிடம் ஏன் சொல்லக் கூடாது? நேற்றே கையுறைகளைச் சாக்கில் கட்டி எடுத்துப் போக ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டுக்காரியின் கையிலிருந்து வந்த ரத்தம் வெள்ளை விரிப்பில் பட்டு, அதற்கு அவளைத் திட்டினார்கள். உன் திங்கட்கிழமைக்காக நான் எத்தனை பேரிடம் பொறுக்கச் சொல்வது?

வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். அதற்கு மேல் உன் இரண்டு கடிதங்களையும் அந்த அறிவிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டுவேன்.

உன் தங்கை


ஏப்ரல் 26

குட்டிக்கு,

நீ ஒட்ட வேண்டியதில்லை. எல்லாம் நடந்துவிட்டது. உனக்குப் பிறருடைய வாயால் தெரிவதற்கு முன் நானே சொல்கிறேன்.

தசமம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. 'எதுக்கு இவ்வளவு சிக்கல்? பங்கேற்பாளர்கள் சொன்னபடி பூசலை, அதனால சோதனை செல்லாதுன்னு எழுதிடலாம். உங்க பேர்லயும் கறை இருக்காது' என்றார். வேறு எங்காவது புதிதாக ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாமாம். அதுவரை உங்கள் அறிவிப்பு அப்படியே இருக்கும். கிரீம் கெடுக்கிறது என்ற உண்மை எந்தத் தாளிலும் இருக்காது. படிவத்தைக்கூட நிரப்பி வைத்துவிட்டார், என் கையெழுத்துதான் பாக்கி.

நான் பேனாவை எடுத்துவிட்டேன், குட்டி. அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே இருந்ததை வாசித்தேன்: 'பிழை பங்கேற்பாளர்களுடையது.' அவளே வச்சுக்கிட்டாம்மா. ஒன்பது வயதில் சொன்னதை நாற்பது வயதில் பன்னிரண்டு பேரைப் பற்றி, முத்திரையோடு, இன்னொரு தடவை எழுதித் தரச் சொல்கிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மேல் வந்ததா, என் மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

'போட மாட்டேன், அளந்தவரின் பிழை என்று திருத்தப் படிவம் கொடுங்கள்' என்றேன். கொடுத்தார். ஆனால் அதிலும் ஒரு கொக்கி வைத்தார். இரண்டு தாளில் தழும்பு இரண்டு கையில் இருக்கிறது, சரி. முதல் தாள்தான் தப்பு, இரண்டாவதுதான் சரி என்று ஏன் இருக்கக் கூடாது? அப்படியானால் ரிப்போர்ட் நிற்குமே என்றார். ஆளை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அதற்கு அனுமதி வாங்கவே பத்து நாள் ஆகும். திருத்தம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். தழும்பு இடது கையில்தான் என்று உறுதியாகத் தெரிந்தவர் எழுதிக் கையெழுத்திடலாம், எப்படித் தெரியும் என்ற காரணத்தோடு என்றார். நான் எழுத மாட்டேன் என்று அவர் நினைத்தார்.

எழுதினேன். படிவத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். காரணம் என்ற கட்டத்தில் இருப்பது இது:

'ஏழாம் எண் என் தங்கை. அவளுடைய தழும்பு இடது முன்கையின் உள்பக்கம், முழங்கைக்கு மூன்று விரல் கீழே உள்ளது. இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டதா என்று அறிய, அவளுடைய ஐந்தாம் வயதில் நான் அவள் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தேன். அவளே வைத்துக்கொண்டதாக எங்கள் தாயிடம் பொய் சொன்னேன். அவள் என் வலப்பக்கத்தில் நின்றிருந்தாள். என் வலது கையில் பாவாடை இருந்தது. என் இடது கையை நீட்டி, எட்டியவரை அவளுடைய இடது கையைத்தான் பிடிக்க முடிந்தது. அதனால் உறுதியாகத் தெரியும்.'

கட்டத்தில் இடம் போதவில்லை. ஓரத்திலும் எழுதினேன். தசமம் இரண்டு தடவை வாசித்தார். பிறகு முத்திரை வைத்தார்.

என்னைக் கருவி அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிடங்கில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். அதற்காக நீ என்னிடம் இரக்கப்பட வேண்டாம். நீயும் படமாட்டாய் என்று தெரியும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க முப்பத்தொரு வருஷம் நேரம் இருந்தது. கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அம்மாவிடம் நான் போனில் சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. இந்தத் தாளை நீயே வாசித்துக் காட்டு.

அக்கா


மே 2

அக்கா,

அறிவிப்பைக் கிழித்துவிட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சாக்குகளை அவிழ்த்துக் கையுறைகளைத் தரையில் கொட்டி, அவரவர் அளவை அவரவர் தேடி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பாதிக்கு மேல் ஒரு கைதான் இருந்தது, ஜோடியைக் காணோம். பாட்டுக்காரி இரண்டு இடது கையுறைகளை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறாள். 'உங்க அக்கா மாட்டிவிட்டதுன்னு நெனச்சுக்கிறேன்' என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அவள் இன்னும் பாடவில்லை. கை ஆறினால்தான் பாடுவாளாம்.

நீ கிடங்கில் சீட்டு ஒட்டுவதற்கு நான் இரக்கப்படவில்லை. கோபம்தான் வருகிறது. நிரப்பி வைத்த படிவத்தை நீட்டிய மனுஷன் நாற்காலியில், எழுதிக் கொடுத்தவள் கிடங்கில். அவருக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், பன்னிரண்டு பேரின் கையெழுத்தோடு. இடது கைக்காரி ஒருத்தியைத் தவிர எல்லோரும் வலது கையால்தான் போட்டோம். அதையும் கீழே குறிப்பிட்டிருக்கிறோம், அவருக்குக் குழப்பம் வரக் கூடாது.

நீ கேட்ட மன்னிப்பைப் பற்றி இப்போது என்னால் எதுவும் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் ஆகட்டும்.

அம்மாவுக்கு நேற்று சாயங்காலம் வாசித்துக் காட்டினேன். காரணம் என்ற கட்டம் வரை வந்ததும் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு, ஓரத்தில் நீ எழுதியதையும் விடாமல் வாசித்தேன். அம்மா உன்னையும் திட்டவில்லை. அன்றைக்கு அடித்தேனே என்றும் சொல்லவில்லை. பிறகு தலையணைக்குப் பக்கத்திலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

'எந்தக் கைடி?' என்று கேட்டாள்.

முப்பத்தொரு வருஷமாக அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவள். எனக்கு அப்படியே எழுந்து போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை. சட்டைக்கையை மடித்துவிட்டு இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினேன். அவளே பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.

உன் தங்கை